எலி தின்னாத மாத்திரை

நைனா,

இந்தக் கடிதத்தை உன் சாப்பாட்டுப் பையில், குழம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலே வைத்தால் எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வாய், அது சட்டையோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள்தான் போகும். அடியில் இருந்தால் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கண்ணில் படும். வயிறு நிறைந்திருந்தால் உனக்குக் கொஞ்சம் காது கேட்கும் என்பதை உன்னை வளர்த்த இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நேரில் பேசலாம் என்றால் எனக்குக் காலை ஷிப்ட், உனக்கு மதிய ஷிப்ட். நான் கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது நீ பைக்கில் ஏறிப் போய்விட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால் உன் அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, உன் கல்யாணத்துக்கு வாழைமரம் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று மூன்று வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நிறுத்தியவள் எழுதுவது, ஒற்றுப்பிழை இருந்தால் நீயே போட்டுப் படித்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. என் தைராய்டு மாத்திரையை நான்கு மாதத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டிருப்பது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் அதே வியாதி என்பதும் தெரிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு இரண்டுமே தெரியாது. அவர் இன்னமும் எலிப்பொறி வைத்துக்கொண்டிருக்கிறார்.

எப்படித் தெரிந்தது என்று உனக்கு இப்போது வியர்க்கும். வியர்க்கட்டும், நம் வியாதிக்காரர்களுக்கு அவ்வளவு சுலபத்தில் வியர்க்காது. அந்தப் பாட்டிலில் நூறு மாத்திரை இருக்கும். நாளைக்கு ஒன்று, நூறு நாளைக்கு வர வேண்டும். பதினாலு வருடமாக வந்தது. இந்த வருடம் மட்டும் அறுபத்தேழாம் நாள் பாட்டிலைக் கவிழ்த்தால் பஞ்சுதான் விழுந்தது. நான் வேலை செய்வது பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில், பேக்கிங்கில். ஒரு பெட்டிக்கு ஆயிரம் மூடி என்றால் என் பெட்டியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருந்ததாக இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு நூறு மாத்திரை கணக்கு உதைக்கிறது என்றால் என்ன நினைப்பேன்? போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். தைராய்டு வந்தால் மறதி வரும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். சரி, வந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் வாங்கியதும் கம்பெனியில் செய்வது போலவே செய்தேன். மெஷின் பக்கத்தில் செக் ஷீட் தொங்கும் அல்லவா, அதே மாதிரி ஃபிரிட்ஜ் பக்கத்துக் காலண்டரில் மாத்திரை போட்டதும் அந்தத் தேதியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். நீ கூட அதைப் பார்த்து, "இன்னாமா, காலண்டருக்கு சீமந்தமா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். இருபது நாள் கழித்து எண்ணிப் பார்த்தேன். காலண்டரில் பொட்டு இருபது, பாட்டிலில் குறைந்திருந்தது முப்பது. மாத்திரை போட்டதை மறப்பது ஒரு மறதி. பொட்டு ஒட்டுவதையும் சேர்த்து மறப்பது வேறு மறதி. சமையலறையில் நின்று அழுதேன். நீ தண்ணீர் குடிக்க வந்தாய், பார்த்தாய். "விடுமா, வயசானா மறக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு வயசு ஐம்பத்தொன்று.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எதற்கும் ஒரு விடை தயாராக இருக்கும். "எலிதான்மே" என்றார். "எங்க ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தன் ஊட்ல சோப்பையே துன்னுக்கினு போச்சி."

"எலி மூடிய தெறந்து, துன்னுட்டு, மறுபடி மூடிட்டா போவும்?" என்று கேட்டேன்.

"பழகிருக்கும்."

மறுநாளே பொறி வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மசால் வடை வாங்கிவந்து கம்பியில் குத்தி வைத்தது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பாவுக்கு முட்டி வலி என்று நீயே கீழே குனிந்து, பொறியை ஸ்டவ் பக்கமாகத் திருப்பி வைத்தாய். "இந்த ஆங்கிள்லதான்பா வரும்" என்று வேறு சொன்னாய். அடப்பாவி. உன் திறமைக்குக் குவாலிட்டி டிபார்ட்மென்டில் வைத்திருக்கிறார்கள், சினிமாவில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறியில் இதுவரை விழுந்தது உன் அப்பாவின் கட்டைவிரல் மட்டும்தான்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் கொஞ்சம் கவனமாகப் படி. நேற்று இரண்டு போட்டுவிட்டோமோ என்ற பயத்தில் நான் மறுநாள் மாத்திரையை நிறுத்த ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். யாரிடமும் கேட்கவில்லை, நானே டாக்டர் ஆகிவிட்டேன். ஒன்றரை மாதத்தில் முகம் உப்பியது. சித்திரை வெயிலில் கம்பெனியே விசிறிக்குச் சண்டை போடும்போது நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் பெண் வந்து, "அக்கா, ஊட்டிக்கு டிக்கெட் போட்டுக்கினு இங்க எறங்கிட்டியா?" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால், மாத்திரை போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.எச். எகிறிக் கிடக்கிறது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் திட்டப்போகிறார் என்று அர்த்தம். "இத்தன வருஷமா ஒழுங்கா இருந்தீங்க, இப்ப என்னம்மா ஆச்சு?" என்றார். எனக்கு மூளை கெட்டுக்கொண்டிருக்கிறது டாக்டர் என்று சொல்லி, அந்த நாற்காலியிலேயே மறுபடியும் அழுதேன்.

அந்த வாரம்தான் பாட்டிலில் அரை மாத்திரை கிடைத்தது. உனக்கு அவசரம், மிச்சப் பாதியை நீ வழக்கமாக வைக்கும் இடத்தில் வைக்காமல் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிட்டாய். நான் ஒரு நாளும் மாத்திரையை உடைத்ததில்லை. உன் அப்பா உடைத்தால் பல்லால்தான் உடைப்பார். இது பிளேடால் வெட்டியது, ஓரத்தில் ஒரு பிசிர் இல்லை. நாள் முழுக்க மூடியில் பிசிர் இருக்கிறதா என்று பார்ப்பவளுக்கு இது தெரியாதா? நம் வீட்டில் ஒரு மாத்திரையைச் சரிபாதியாக, வெர்னியர் வைத்து அளந்த மாதிரி வெட்டக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான். அப்புறம் உன் பீரோவைத் துழாவினேன். கல்யாணமாகப் போகிற பிள்ளையின் பீரோவைத் துழாவியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பத்திரிகை மாதிரிகள் வைத்திருந்த கவருக்குள் உன் கம்பெனி மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் இருந்தது. அதில் டாக்டர் உனக்கு எழுதியிருந்த தைராய்டு மாத்திரை ஐம்பது மைக்ரோகிராம். நான் போடுவது நூறு. நூறில் பாதி ஐம்பது. கணக்கு சரிதான் நைனா, கணக்கில் உன்னை அடிக்க ஆளில்லை. ஆனால் அதே சீட்டில், ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்துக்கொண்டு வா என்று கீழே ஒரு வரி இருந்தது. அதை நீ படிக்கவே இல்லை.

உனக்கென்று தனியாக வாங்காமல் ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை. மெடிக்கல் ஷாப்காரர்தான் புரியவைத்தார். நான் பாட்டில் வாங்கப் போனபோது, "உங்க புள்ள வந்து அம்மாக்கு அம்பது குடுன்னு கேட்டாரு. அம்மாக்கு நூறாச்சே, டாக்டர் கொறச்சிட்டாங்களான்னு கேட்டேன். ஒண்ணுமே சொல்லாம போய்ட்டாருக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லப் போன இடத்தில் அம்மாவின் டோஸ் மனப்பாடமாக இருக்கிற ஆளிடமா போய்ச் சொல்வாய்? ரயில் ஏறிப் பொன்னேரியில் போய் வாங்கியிருந்தால் உன்னை யாருக்குத் தெரியும்? திருட்டுத்தனத்துக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது உனக்கு உன் அப்பா வழியில் வரவில்லை.

ஆனால் "எனக்கு" என்று கேட்க உனக்கு வாய் வராமல் போனதற்குக் காரணம் நான். போனில் உன் சித்தியிடம் பேசும்போதெல்லாம், பொம்பளையாகப் பிறந்தால் இந்தத் தைராய்டு சனியனெல்லாம் வரத்தானே செய்யும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு நீ கேட்டிருக்கிறாய். ஆண்களுக்கும் வரும், குறைவாக வரும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. உனக்கு ரிப்போர்ட் வந்தபோது, மாப்பிள்ளைக்குப் பொம்பளை வியாதி என்று கடம்பத்தூரில் பெண் வீட்டார் பேசுவார்கள் என்று பயந்திருப்பாய். அந்தப் பயத்தை உனக்கு ஊட்டியது நான்தான். சோறோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன் போல.

மறைப்பதிலும் உனக்கு நான்தான் முன்னால் போனவள். எனக்கு இது வந்தபோது நீ எட்டாவது. சீக்காளியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று உன் அப்பா வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பாட்டிலைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். ஒன்றரை வருடம். வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள், நான் காபியோடு போட்டேன். காபி என்ன சாப்பாடா என்பது என் நினைப்பு. அதனால் மாத்திரை பாதிதான் பிடித்தது. சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடுவேன். பேசினால் எரிந்து விழுவேன், இல்லாவிட்டால் பேசவே மாட்டேன். உன் அப்பா பூ வாங்கி வந்தார், அல்வா வாங்கி வந்தார், ஒரு தடவை காரணமே இல்லாமல் மிக்சி வாங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். கடைசியில் அவர் உன் மாமாவைக் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "உன் தங்கச்சிக்கு என் மேல இன்னா கோவம்னு நீயே கேளு மச்சான்" என்றார். அப்போதுதான் பருப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தேன். மனிதர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "ஒன்றர வருசமா நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிக்கினு கீறேன்மே" என்றார். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிந்திய பருப்பைப் பொறுக்கினார்.

அடுத்த வாரம் அவரே என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார்: "இது ஆட்டோ இம்யூன் பிரச்சினைங்க." அதற்கப்புறம் சொன்ன எதுவும் உன் அப்பா காதில் ஏறவில்லை. வாசலில் இறங்கியதும், "அந்தம்மா என் வண்டியத்தான சொல்லிச்சி?" என்றார். அப்போதே பன்னிரண்டு வருடமாக ஸ்டேஷனுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு ஆட்டோ என்றால் வேறு என்ன தோன்றும்? குலுக்கலும் புகையும் சேர்ந்து என் கழுத்தைக் கெடுத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து தன் வண்டியில் என்னை ஏற்றமாட்டேன் என்றார். அந்தச் சமயம் கம்பெனி பஸ் கிடையாது. நான் வேறு ஆளின் ஷேர் ஆட்டோவில் போக, எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அதுவும் ஆட்டோதானே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கூட வந்தவர்கள் எல்லாம், "ஊட்ல சண்டையாக்கா?" என்று கேட்டுப் பேஜாரு. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, கம்பெனி மெஷினை வைத்துச் சொன்னேன். "மெஷின்ல ஆட்டோ மோடு கீதுல்ல, ஆள் தொடாமலே அதுவா ஓடும். அந்த மாதிரி என் ஒடம்பு அதுவா என் கழுத்துல இருக்கற சுரப்பிய அடிக்குது. உன் வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப மேனுவலுக்கு மாத்திடச் சொல்லேன்" என்றார்.

அதை நான் அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் இந்த வியாதியோடு குடும்பம் நடத்துவது என்பது கிட்டத்தட்ட அதுதான் நைனா. முன்பு தானாக நடந்ததை இப்போது நாம் கையால் செய்ய வேண்டும். எழுந்ததும் மாத்திரை, வெறும் தண்ணீர், அப்புறம் ஒரு மணி நேரம் காபியின் பக்கம் தலைவைக்கக் கூடாது. நீ ஒன்பது மணிக்கு எழுந்து ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் காபியுமாக நின்றிருப்பாய், எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது கொடுத்தால் நான்கு மணி நேரம் தள்ளித்தான். ஓவர்டைம் கேட்டால் முடியாத அன்றைக்கு முடியாது என்று சொல்ல வேண்டும். இது எனக்கு வரவே பத்து வருடம் ஆயிற்று. முதல் தடவை சொன்னபோது சூப்பர்வைசரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. மத்தியானம் கால் மணி நேரம் கண்ணை மூடுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நாக்கைக் கடித்துக்கொண்டு உழைத்தால் மெடல் தருவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். முகம் உப்பியதுதான் மிச்சம். எண்ணெய், கஷாயம், காய்ந்த இலை என்று உன் பெரியப்பா நாலு வைத்தியம் கொண்டுவருவார். வாங்கி வைத்துக்கொள், நன்றி சொல், மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

இனி நீ கட்டிக்கொள்ளப்போகிற திவ்யா. இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்தப் பெண் கடம்பத்தூரில் ரயில் ஏறினால் சென்னை வரைக்கும் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வருகிறாள், முகத்தில் ஒரு சிடுசிடுப்பு இல்லை. போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது நீ சோபாவிலேயே தூங்கிப்போனாய். அவள் என்னிடம் வந்து மெதுவாக, "அவருக்கு என்ன புடிக்கலயா அத்தை? போன் பண்ணாலும் ரெண்டு வார்த்தைதான் பேசறாரு" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வேலை அலுப்பும்மா என்று சொல்லி அனுப்பினேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. அன்றைக்கு ரயில் ஏறப் போகும்போது வாசல் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு போனாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, அது உன் உடம்பு, நீ சொல்ல வேண்டியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூர் போய்ச் சொல். போகும்போது ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ. இது ஒட்டுகிற நோய் கிடையாது, ஒழுங்காக மாத்திரை போட்டால் எல்லாரையும் போல இருக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், சில நாள் முடியாமல் கிடப்பேன், அன்றைக்கெல்லாம் அது உன்னால் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் சொல்லட்டும். மண்டபத்துக்குக் கொடுத்தது போகும், உன் அப்பா இரண்டு நாள் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வாழைமரத்தைப் பற்றி வருத்தப்படுவார், நான் ஒரு வாரம் அழுவேன். அதெல்லாம் ஆறிவிடும். சனிக்கிழமை என்னோடு வந்து ரத்தம் கொடு, டாக்டரம்மாவைப் பார், உன் பேரில் சீட்டு வாங்கி, அதே மெடிக்கலில் போய் "எனக்கு" என்று கேட்டு வாங்கு. என் பாட்டில் இன்றிலிருந்து என் ஹேண்ட்பேக்கில் இருக்கும்.

மாத்திரை எடுத்ததற்கு நான் கோபப்படவில்லை நைனா. கேட்டிருந்தால் அப்போதே உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன், மாத்திரையை என் கையால் ஊட்டிக்கூட விட்டிருப்பேன். எனக்கு மூளை கெட்டுவிட்டது என்று நான் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அதுதான் ஆறவில்லை. நீ கெட்டவன் இல்லை, உன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்கு என்னைப் பைத்தியமாக்க வேண்டியிருந்தது. மறைப்பவனுக்கு எப்போதும் அப்படித்தான் நடக்கும், பக்கத்தில் இருக்கிறவர்தான் தன்னைச் சந்தேகப்பட வேண்டிவரும். உன் அப்பாவை ஒன்றரை வருடம் நான் அப்படி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் நீ என்னை வைத்திருந்தாய். திவ்யாவை நீ அப்படி வைக்கக் கூடாது. சொல்லாமல் தாலி கட்டி, ஒரு நாள் அவள் என் முன்னால் வந்து நின்று, நான் என்ன தப்பு செய்தேன் அத்தை என்று கேட்டால், நான் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் பக்கம்தான் உட்காருவேன்.

டப்பாவைக் கழுவிக் கொண்டு வா.

அம்மா